அரைப்பேர்

படித்ததைச் சொன்னால்
பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் இரண்டாம் தரம் கேட்பார்.
சில்லறை வணிகமும் நுகர்வோர் அறிவியலும்.
"ஓ, கடை போடப் போறீங்களா?"
இல்லை என்று விளக்கத் தொடங்குவேன்,
கொட்டகலை வந்துவிடும், அவர் இறங்கிவிடுவார்.

ஹட்டனில் சூப்பர் மார்க்கெட், பயிற்சி முகாமையாளர், ஏழு மாதம்.
கண் மட்டத்தில் இருப்பதுதான் விற்கும் என்பது
முதலாம் வருடப் பாடம்.
யாருடைய கண் என்று பரீட்சையில் கேட்கவில்லை.
தட்டுகளின் வரைபடம் கொழும்பிலிருந்து வரும்.
தரையிலிருந்து ஐந்தடியில் விலை கூடிய தேயிலை;
பெட்டியில் ஒரு மலை, மலையில் ஒரு கூடை,
கூடைக்கு முன்னால் ஒரு சிரிப்பு.
எங்கள் ஆட்கள் நாலே முக்கால் அடி.
அவர்கள் கண்ணுக்கு நேரே
பூனைத் தீன் இருந்தது.

நூறு கிராம் தூள் பக்கற்றுகளை அங்கே இறக்கி வைத்தேன்.
கிழமை முடிய விற்பனை ஏறியது.
மேனேஜர் சமிந்த படம் எடுத்து மேலே அனுப்பினார்.
"வரைபடத்தின்படி வைக்கவும்" என்று பதில் வந்தது.
பூனைகள் திரும்பி வந்தன.

என் முழுப் பெயர் தவமலர்ச்செல்வி.
சட்டையில் குத்தும் பட்டியில் இடம் போதாது,
மலர் என்று அடித்துத் தந்தார்கள்.
அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"ஒனக்கும் அரைப்பேர்தானா?"
கிலோ நிறையாத நாளில்
செக்ரோலில் அவளுக்கு விழுவது அது.

கூடப் படித்தவர்கள் குழுவில் படம் போடுகிறார்கள்.
றிஸ்னா டோஹாவில் கண்ணாடி ஜன்னல் சோடிக்கிறாள்,
வெளியே தார் உருகும் வெயில்,
அவளுடைய பொம்மைப் பெண்களுக்குக் கம்பளிக் கோட்டு.
உதேனி யோகட் விலையின் கடைசி இலக்கத்தை ஒன்பதாக்க
நாள் முழுக்கக் கூட்டத்தில் இருக்கிறாள்.
பசறை கமலநாதன் நுவரெலியாவில் மரக்கறி கொள்வனவு.
விடிய மூன்று மணிக்குக் குரல் பதிவு அனுப்பினான்:
"கோணல் கெரட்டத் திருப்பி அனுப்பத்தான்டி எனக்குச் சம்பளம்.
கொண்டு வந்தவன் மொகத்தப் பாக்காம
கெரட்ட மட்டும் பாக்கப் பழகிட்டேன்."
அதற்கு யாரும் இதயம் போடவில்லை.

நான் அரசாங்க நேர்முகம் ஒன்றுக்குப் போனேன்,
நுகர்வோர் பாதுகாப்பு, விசாரணை அலுவலர்.
மூன்று பேர், ஒரு மின்விசிறி, ஓடவில்லை.
"தராசில் முதலில் எதைப் பார்ப்பாய்?"
ஒன்றும் வைக்காதபோது பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்ப்பேன்.
நடுவில் இருந்தவர் தலையாட்டினார்.
அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.
"சேர், கொழுந்து மடுவத் தராசையும் பார்க்கலாமா?
சாக்குக்கென்று இரண்டு கிலோ கழிக்கிறார்கள்."
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அங்கே யாரும் எதையும் வாங்கவில்லையே, மகள்.
அது வேறு இலாகா."

லீவு நாளில் கடையிலிருந்து சீனி வாங்கிக்கொண்டு
மடுவத்துக்கு ஏறினேன்.
ஒரு கிலோ பக்கற், ஐந்து. என்னிடம் வேறு படிக்கல் இல்லை.
கொக்கியில் மாட்டினேன், ஐந்து என்று காட்டியது.
தராசு யோக்கியம்.
பிறகு வெறும் சாக்கு:
நானூறு கிராம், மழையில் நனைந்ததையும் சேர்த்து.
வரிசையில் நின்ற பெண்கள் திரையைப் பார்த்தார்கள்,
பிறகு கொப்பியைப் பார்த்தார்கள்.
அட்டை கடித்த காலைச் சொறிய ஒருத்தி குனிந்தாள்,
குனிந்தபடியே சிரித்தாள்.
கணக்கப்பிள்ளை அல்போன்ஸ் பேனையை மூடினார்.
"கேக்க நீ யாரு?"
தவமலர்ச்செல்வி என்றேன்.
மலை ஏறி வந்த மூச்சில்
நடுவில் ஒருதரம் நிறுத்த வேண்டியிருந்தது.

அன்றைக்கும் இரண்டு கிலோதான் கழித்தார்கள்.
மறுநாள் ஒன்றரை.
"மழ கொறஞ்சிட்டாம்" என்றாள் அம்மா.
நேர்முகக் கடிதம் இன்னும் வரவில்லை.

சீனியைத் திருப்பி எடுக்கமாட்டார்கள்,
அந்த விதியைக் கண்ணாடியில் ஒட்டியவளே நான்தான்.
இரண்டு மாதமாய் எங்கள் வீட்டில்
தேத்தண்ணி பாகாய் இனிக்கிறது.